பக்கத்துத் தெரு கிரில்லுக்குப் போங்கள்: பே ஏரியாத் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

சான் பிரான்சிஸ்கோ தொடங்கிச் சான் ஹோசே வரைக்கும், விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் ஃபிரிமாண்ட், சான் ரமோன் வரைக்கும் குடியிருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்குமாக இந்த மடலை எழுதுகிறேன். உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் ஊரில் மீனும் ஸ்டேக்கும் போடுகிற பழைய உணவகம் (கிரில்) ஒன்று இன்னும் நடந்துகொண்டிருந்தால், ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு அங்கே போங்கள். பிடித்துப்போனால் மறுபடியும் போங்கள். அந்த இடத்துக்கு வழக்கமாக வருகிறவர்களில் நீங்களும் ஒருவராகிவிடுங்கள்.

எந்த மாதிரி இடத்தைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகும் வழியில் பார்த்திருப்பீர்கள். வாசலில் மீன் வடிவத்தில் ஒரு நியான் விளக்கு. ஜன்னல் கண்ணாடி இருட்டாக இருப்பதால் கடை திறந்திருக்கிறதா என்பதே வெளியிலிருந்து புரியாது. உள்ளே பழுப்பு மரம் பதித்த சுவர், முதுகுப் பக்கம் உயர்ந்த தோல் இருக்கைகள், வெள்ளைத் துணி விரித்த மேசைகள், ஒரு ஓரமாக நீண்ட பார். சுவரில் படகுகளும் மீன்பிடித் துறைகளும் கறுப்பு வெள்ளையில் தொங்கும். மெனு அட்டை பெரியது, வருஷக்கணக்காக அதிகம் மாறாதது. சாப்பிட வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கும், பரிமாறுகிறவருக்கும் நரைத்திருக்கும். பாட்டைச் சத்தமாக வைக்க மாட்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசுவது காதில் விழும். இந்தக் காலத்தில் ஒரு உணவகத்துக்கு இதைவிடப் பெரிய சிறப்பு வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

நம்மில் பலர் இந்த ஊர்களில் வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளைகளைப் பள்ளி முடிக்கவைத்துக் கல்லூரிக்கும் அனுப்பிவிட்டோம். எல் கமீனோ ரியால் சாலையில் எந்தக் கடையில் கொத்து பரோட்டா நன்றாக இருக்கும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ராமென், தாய், எத்தியோப்பியச் சாப்பாடு எல்லாம் பழகிவிட்டது. நாம் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தெருமுனையில் இருக்கிற அந்த ஒரு கதவு மட்டும் நமக்குத் திறக்கப்படாமல் கிடக்கிறது. அது வெள்ளைக்காரப் பெரியவர்கள் போகிற இடம், நமக்கு அங்கே என்ன வேலை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பை மாற்றத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த இடங்களை உண்டாக்கியவர்கள் எல்லோரும் நம்மைப்போலப் பிழைக்க வந்தவர்கள். சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் நடுவே கலிஃபோர்னியா தெருவில் இருக்கும் டாடிச் கிரில்லின் கதையைப் பாருங்கள். 1849இல், தங்கம் தேடி உலகமே இந்தக் கரைக்கு ஓடிவந்த காலத்தில், குரோஷியாவிலிருந்து கப்பலேறி வந்த மூன்று பேர் துறைமுகத்து மேடையில் காபி விற்கத் தொடங்கினார்கள். கலிஃபோர்னியா அமெரிக்க மாநிலமானதே அடுத்த வருஷம்தான். பிறகு அதே குரோஷியாவிலிருந்து வந்த ஜான் டாடிச் அங்கே வேலைக்குச் சேர்ந்து, 1887இல் கடையைத் தானே வாங்கினார். அவரிடமிருந்து 1928இல் வாங்கிய பியூச் குடும்பத்தாரும் குரோஷியர்கள்தான். அங்கே வேலைபார்த்து முதலாளிகளானவர்கள். சற்றுத் தள்ளி புஷ் தெருவில் இருக்கும் சாம்ஸ் கிரில், 1867இல் ஒரு அயர்லாந்துக்காரர் சந்தையில் போட்ட சிப்பிக் கடையிலிருந்து வளர்ந்தது. போல்க் தெருவில் 1912இலிருந்து இருக்கும் ஸ்வான் ஆய்ஸ்டர் டிப்போவை டென்மார்க்கிலிருந்து வந்த சகோதரர்கள் தொடங்கினார்கள். 1946இலிருந்து ஒரு இத்தாலியக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. பளிங்குக் கல் பதித்த ஒரு மேசை நெடுக 18 முக்காலிகள், அவ்வளவுதான் அந்தக் கடை.

இன்றைக்கு இந்த மாதிரி அடுப்படிகளில் நெருப்புக்கு முன்னால் நிற்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் எல் சால்வடோரிலிருந்தும் வந்தவர்கள். முந்தைய கப்பலில் வந்தவர்கள் அடுத்து வந்தவர்களிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டுப்போன இடங்கள் இவை. அந்த வரிசையில் நாமும் இருக்கிறோம். சமைக்கிறவர்களாக இல்லாவிட்டாலும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களாகவாவது நமக்கு அங்கே இடம் உண்டு. யாரும் தடுக்கவில்லை.

சமையலுக்கு நிகராக இந்த இடங்களில் நான் மதிப்பது பரிமாறுகிறவர்களை. அமெரிக்காவில் பெரும்பாலான உணவகங்களில் பரிமாறும் வேலை, வேறு வேலை கிடைக்கும்வரை இளைஞர்கள் பார்க்கிற இடைக்கால வேலை. பழைய கிரில்களில் அப்படி இல்லை. அதையே தொழிலாக வரித்துக்கொண்டு, கல்யாணம் செய்து, பிள்ளைகளை வளர்த்து, ஓய்வுபெறும்வரை அதே தளத்தில் நடந்தவர்கள் இருக்கிறார்கள். டாடிச்சில் இன்றும் வெள்ளை மேல்சட்டையோடுதான் வருவார்கள். சிரித்துச் சிரித்துப் பேச மாட்டார்கள்; தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எப்படி இருக்கிறது என்று வந்து கேட்டுத் தொல்லை கொடுக்கவும் மாட்டார்கள். தண்ணீர் குறையும்போது நிறையும். ரொட்டி தீரும்போது வரும். நீங்கள் பேச்சை முடித்துவிட்டு நிமிரும்போது ஆள் பக்கத்தில் நிற்பார்.

அவரிடம் கேளுங்கள். போனில் மதிப்பெண்களைப் புரட்டிக்கொண்டிருக்காமல், "இன்றைக்கு என்ன மீன் நன்றாக வந்திருக்கிறது?" என்று கேளுங்கள். பழைய கிரில்லில் சாப்பிடுவதற்குத் தெரிந்திருக்க வேண்டிய வித்தை இது ஒன்றுதான். தூத்துக்குடியிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த என் மாமா, தீபகற்பப் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன உணவகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கச்சொன்னார். மெனுவை அவர் தொடவே இல்லை. மீன் எப்போது வந்தது, தலையோடு வந்ததா, துண்டமாக வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்க, நான் மொழிபெயர்த்தேன். பரிமாறிய பெரியவர் முகம் மலர்ந்து உள்ளே போனவர், சமைக்காத மீனை முழுசாக ஒரு தட்டில் ஏந்திக்கொண்டு வந்தார். மாமா செவுளைத் தூக்கிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், விரலால் அழுத்திப் பார்த்தார், தலையாட்டினார். அன்றைக்கு அந்த மேசைக்குக் கிடைத்த மரியாதையை நாங்கள் எந்த விலை உயர்ந்த இடத்திலும் பார்த்ததில்லை. மீனைத் தெரிந்த ஒருவருக்கும் மீனைத் தெரிந்த இன்னொருவருக்கும் நடுவே மொழி பெரிய இடைஞ்சலாக இல்லை.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன்.

நவம்பர் தொடங்கி இங்கே எல்லோரும் பேசுவது டஞ்ஜனெஸ் நண்டைப் பற்றி. நம் கடற்கரைகளில் கிடைக்கும் நீலக்கால் நண்டைவிடக் கனமானது; சதை இனிப்பானது. வணிகப் படகுகள் ஓட்டில் ஆறேகால் அங்குல அகலத்துக்குக் குறைந்ததைப் பிடிக்கக்கூடாது. பெண் நண்டைத் தொடவே கூடாது, கடலில் திரும்ப விட்டுவிட வேண்டும். முன்பெல்லாம் நவம்பர் நடுவில் பருவம் திறந்து, நன்றி நவிலும் நாள் விருந்துக்கு நண்டு மேசைக்கு வந்துவிடும். 2015இல் கடலில் பெருகிய நச்சுப்பாசியால் நண்டில் விஷம் ஏறி, பருவம் பல மாதம் தள்ளிப்போனது. இப்போது சில வருஷங்களாக, இந்தப் பக்கம் வரும் திமிங்கிலங்கள் நண்டுக்கூண்டுக் கயிறுகளில் சிக்கிவிடக்கூடாது என்பதற்காகப் புத்தாண்டை ஒட்டித்தான் திறக்கிறார்கள். வசந்த காலத்தில் சீக்கிரமே மூடியும்விடுகிறார்கள். ஆகவே ஜனவரியிலும் பிப்ரவரியிலும் போனால் உள்ளூர் நண்டு கிடைக்கும். அந்தச் சமயத்தில் சியோப்பினோ கேளுங்கள். இத்தாலியிலிருந்து வந்த மீனவர்கள் இந்த ஊரில் உண்டாக்கிய குழம்பு அது. தக்காளி, பூண்டு, ஒயின் சேர்ந்த சாற்றில் நண்டு, மட்டி, இறால், மீன் எல்லாம் ஒன்றாகக் கொதித்து ஆழமான கிண்ணத்தில் வரும். கையால் உடைத்து, கையால் எடுத்துச் சாப்பிட வேண்டியது. மேசையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் கழுத்தில் துணி கட்டிவிடுவார்கள். கையால் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அங்கே கூச்சப்பட ஒன்றுமில்லை. புளித்த மாவில் செய்த ஊர் ரொட்டியைப் பிய்த்து அந்தச் சாற்றில் முக்கி எடுக்கும்போது யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

நண்டு இல்லாத மாதங்களில் தட்டை மீன்கள் இருக்கின்றன. பெட்ரேல் சோல், ரெக்ஸ் சோல், சாண்ட் டாப் என்று மெனுவில் பார்க்கலாம். நம் ஊரில் நாக்கு மீன் என்பார்களே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விரும்பிச் சாப்பிடுவது பெட்ரேல். அந்த மீனுக்கு ஒரு வரலாறு உண்டு. மேற்குக் கரையில் அளவுக்குமீறி வலைவீசியதால் கடலடி மீன்கள் குறைந்துபோய், 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு அந்த மீன்பிடித் தொழிலைப் பேரிடருக்கு உள்ளானதாக அறிவித்தது. பெட்ரேலும் அளவுக்குமீறிப் பிடிக்கப்பட்ட மீன்களின் பட்டியலில் வந்தது. பிடிப்புக்கு வரம்பு கட்டி, மீனவர்கள் பொறுத்திருந்து, 2015இல் அந்த மீன் பழைய அளவுக்கு மீண்டுவிட்டது. இப்போது தைரியமாகக் கேட்டு வாங்கலாம். சால்மன் விஷயம் வேறு. ஆற்றில் தண்ணீர் வற்றியதாலும் வெப்பம் ஏறியதாலும் குஞ்சுகள் குறைந்துபோய், கலிஃபோர்னியாவில் 2023 தொடங்கி 2025 வரை மூன்று வருஷம் கடலில் வணிகத்துக்காக ஒரு சால்மனும் பிடிக்கப்படவில்லை. மெனுவில் சால்மன் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நேர்மையான கடை அலாஸ்கா என்றோ, பண்ணை மீன் என்றோ மறைக்காமல் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்டே கடையை எடைபோட்டுவிடலாம்.

டாடிச்சில் மீனை மெஸ்கீட் கரியில் சுடுவார்கள். மெஸ்கீட் என்ன மரம் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக் கருவேலத்தின் சொந்த இனம்தான் அது. அங்கே கரிமூட்டம் போடுகிறவர்கள் எரிப்பதும் இங்கே கிரில்லில் கனல்வதும் ஒரே குடும்பத்து மரம். அந்தக் கரிக்கு நின்று எரியும் சூடு அதிகம். மீனின் தோல் சட்டென்று மொறுமொறுப்பாகி, உள்ளே ஈரம் நிற்கும். மேலே உப்பு, வெண்ணெய், எலுமிச்சை தவிர அதிகம் போடமாட்டார்கள். முதல் வாயிலேயே காரசாஸ் பாட்டிலைத் தேடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். எலுமிச்சையைப் பிழிந்து நாலு வாய் சாப்பிடுங்கள். மிளகாய் இல்லாமலும் மீனுக்கு ருசி உண்டு என்பது அந்த நாலு வாயில் தெரியும். அதற்குப் பிறகு வேண்டுமானால் கேளுங்கள், சிரித்துக்கொண்டே கொண்டுவருவார்கள்.

சிப்பியை (ஆய்ஸ்டர்) பச்சையாகச் சாப்பிடுவது பற்றி ஒரு எச்சரிக்கை. ஈரல் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் ஆய்ஸ்டரைப் பச்சையாகச் சாப்பிடக்கூடாது. அதில் இருக்கக்கூடிய விப்ரியோ கிருமி அவர்களுக்கு உயிர் ஆபத்து. மற்றவர்களுக்கு ஆபத்து குறைவு; சாப்பிட்டுப் பார்க்கலாம். இந்த விரிகுடாவின் சொந்தச் சிப்பியான ஒலிம்பியா, தங்க வேட்டைக் காலத்துப் பசியிலும் பிறகு வந்த சேற்றிலும் ஏறக்குறைய அழிந்துபோனது. இன்று டொமாலஸ் விரிகுடாவில் பெரும்பாலும் வளர்ப்பது பசிபிக் சிப்பி. அதன் பூர்வீகம் ஜப்பான். பச்சையாக வேண்டாம் என்றால் ஹேங்டவுன் ஃபிரை இருக்கிறது: சிப்பி, பன்றி இறைச்சிக் கீற்று, முட்டை மூன்றும் சேர்ந்த ஆம்லெட். தங்கச் சுரங்க ஊரான பிளாசர்வில்லில் பிறந்ததாகச் சொல்லப்படும் பண்டம் அது.

ஸ்டேக் பற்றிப் பேசும்போது, நம்மவர்களில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதை மறந்து பேச முடியாது. உண்கிற தமிழர்களும் ஏராளம். கிறித்தவர்கள், இஸ்லாமியர்கள், தலித்துகள் எனப் பல தலைமுறையாக உண்டுவருகிறவர்கள். அவரவர் சாப்பாடு அவரவர் உரிமை. ஒரே மேசையில் ஒருவர் ஸ்டேக்கும், ஒருவர் மீனும், ஒருவர் காய்கறியும் வைத்துக்கொண்டு முகம் சுளிக்காமல் சாப்பிட முடிகிற இடம் இந்தப் பழைய கிரில். நம் வீட்டு விருந்துகளிலேயே எப்போதும் வாய்க்காத காரியம் இது.

உண்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எந்தப் பதத்தில் வேண்டும் என்று கேட்கும்போது பயந்துபோய் "நன்றாக வேகவைத்து" என்று சொல்லிவிடுகிறோம். தட்டில் கசியும் சிவப்பு நீரைப் பார்த்து ரத்தம் என்று நினைப்பதுதான் காரணம். அது ரத்தம் இல்லை. மாட்டை அறுக்கும்போதே ரத்தம் வடிந்துவிடும். தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் தண்ணீரோடு கலந்து கசிவதுதான் அந்தச் சிவப்பு. துண்டாக இருக்கும் இறைச்சியில் கிருமி மேல்பரப்பில்தான் இருக்கும். அது நெருப்பில் போய்விடும். அரைத்த இறைச்சி அப்படி இல்லை, அதை முழுக்க வேகவைக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறை துண்டு இறைச்சிக்கு 145 பாரன்ஹீட் சூடும் அதன்பின் மூன்று நிமிஷ ஓய்வும் சொல்கிறது. கிரில்காரர்கள் மீடியம் ரேர் என்று தருவது அதைவிடக் குறைந்தது, சுமார் 130. முதல் தடவைக்கு மீடியம் கேளுங்கள். நடுவில் இளஞ்சிவப்பு இருக்கும், கசிவு குறைவு, சதையும் கெட்டியாகாது. பிரைம், சாய்ஸ் என்று மெனுவில் எழுதியிருப்பது சதைக்குள் ஓடும் கொழுப்பின் அளவை வைத்து அரசு தரும் தரம். பிரைம் உயர்ந்தது, விலையும் உயர்ந்தது. நல்ல நெருப்பு தெரிந்தவரிடம் சாய்ஸே போதும்.

ஒரு தட்டில் ஸ்டேக்கும் சிங்கி இறால் வாலும் சேர்த்துப் போடும் பண்டத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலும் உறைந்து வந்த வால் அது. மீன் வேண்டுமென்றால் மீன், இறைச்சி வேண்டுமென்றால் இறைச்சி. இரண்டில் ஒன்றை நன்றாகச் சாப்பிடுவதே மேல்.

சைவ நண்பர்களே, உங்களை விட்டுவிட மாட்டேன். உங்களுக்கென்று அங்கே தனிச் சமையல் இருக்கிறது என்று பொய் சொல்லவும் மாட்டேன். பக்கத் தட்டுகளில்தான் உங்கள் சாப்பாடு: சுட்ட உருளைக்கிழங்கு, பாலேட்டில் வதக்கிய கீரை, வெண்ணெயில் புரட்டிய காளான், ஐஸ்பெர்க் லெட்டூஸ் சாலட், புளித்த ரொட்டி. இவற்றை நாலைந்து சேர்த்தால் வயிறு நிறையும். ஆனால் கேட்டு வாங்க வேண்டும். வெள்ளை மட்டிச் சூப்பில் பன்றிக் கொழுப்பு விழும். வெங்காயச் சூப்புக்கு மாட்டெலும்புச் சாறுதான் அடிப்படை. சீசர் சாலட்டின் சாஸில் நெத்திலி அரைத்திருக்கும். உருளை வறுவலைச் சில இடங்களில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். மாட்டிறைச்சி மட்டும் விலக்குகிறவர்களும், ஹலால் பார்க்கிறவர்களும் இதையெல்லாம் கேட்க வேண்டியவர்கள்தான். கேட்பதில் சங்கடம் வேண்டாம். பல வருஷம் பரிமாறியவருக்கு எந்தச் சட்டியில் என்ன இருக்கிறது என்று மனப்பாடம். உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து சொல்வார். சொல்லத் தெரியாமல் மழுப்பினால் அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டாம்.

விலையையும் பேசிவிடலாம். ராத்திரியில் இரண்டு பேர் சாப்பிட்டால் நூறு டாலரைத் தாண்டும். ஒயின் சேர்ந்தால் இன்னும் ஏறும். வாராவாரம் போகிற இடம் இல்லை. மத்தியானம் திறக்கிற கடைகளில் அதே மீன் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பாரில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு எழுந்தாலும் அதே மரியாதைதான். தட்டுகள் பெரியவை, இரண்டு பேர் ஒன்றைப் பங்கிட்டுக்கொள்ளலாம், மீதியைக் கட்டித்தரச் சொல்லலாம். டெலிவரி ஆப்பில் மட்டும் வாங்காதீர்கள். பொரித்த மீன் பெட்டிக்குள் வியர்த்துத் துவண்டுபோகும். கடைக்கு வர வேண்டியதில் ஒரு பங்கு நடுவிலேயே நின்றுவிடும்.

டிப்ஸில் கணக்குப் பார்க்காதீர்கள். இந்த மாநிலத்தில் பரிமாறுகிறவருக்கும் முழு குறைந்தபட்சக் கூலி கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம், நல்ல விஷயம். மத்தியச் சட்டமோ டிப்ஸ் வாங்குகிற தொழிலாளிக்கு மணிக்கு 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும் என்கிறது. அந்தத் தொகை 1991இலிருந்து மாறவில்லை. பல மாநிலங்களில் இன்றும் அதுதான் நிலை. கலிஃபோர்னியாவில் கூலி அதிகம் என்றாலும் வாடகையும் அதிகம். உங்களுக்கு மீன் பரிமாறியவர் வேலை முடிந்து ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டித்தான் வீடு போய்ச் சேர்கிறார் என்பதை நினைத்து நூற்றுக்கு இருபதாவது வையுங்கள்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன்? இந்த இடங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவின் மீன்பிடித் துறைமுகத்தில் 1925இல் ஒரு மீன் கடையாகத் தொடங்கிய அலியோட்டோஸ் தொற்றுக்காலத்தில் கதவைச் சாத்தியது. மறுபடி திறக்கப்போவதில்லை என்று 2022இல் சொல்லிவிட்டார்கள். கடலைப் பார்த்து நின்ற கிளிஃப் ஹவுஸ் 2020 முடிவோடு மூடப்பட்டது. செய்தியில் வராமல் சின்ன ஊர்களில் மூடியவை எத்தனையோ. வாடகை ஏறுகிறது, பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விடுகிறார்கள், பழைய வாடிக்கையாளர்கள் மூப்படைந்து வெளியே வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். நகரத்தின் நடுவே இருக்கிற கிரில்கள் அலுவலகக்காரர்களின் மத்தியானச் சாப்பாட்டை நம்பி நடந்தவை. மென்பொருள் துறையில் வேலை வீட்டுக்கு வந்ததும் அந்த மேசைகள் காலியாகின. அந்தத் துறையில் வேலை செய்கிறவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு அந்தக் கிரில்களோடு சம்பந்தம் இல்லை என்று இனி எப்படிச் சொல்ல முடியும்?

மூடிய கடை மறுபடி திறந்ததும் உண்டு. சாம்ஸ் கிரில் 2014இல் திடீரென மூடிவிட்டது. திரைச்சீலை போட்ட அதன் சின்னச் சின்ன அறைகளில் வருஷக்கணக்காகச் சாப்பிட்டுப் பழகியவர்கள் சும்மா இருக்கவில்லை. சிலர் சேர்ந்து பணம் போட்டுக் கடையை வாங்கினார்கள். சில மாதத்தில் திறந்தும்விட்டார்கள். இன்றும் நடக்கிறது. அமெரிக்காவின் இன்னொரு முனையில், புரூக்ளினில், 1879இல் தொடங்கிய கேஜ் அண்ட் டோல்னர் என்ற சிப்பி-ஸ்டேக் உணவகம் 2004இல் மூடப்பட்டு, அந்த அழகான கூடத்தில் என்னென்னவோ கடைகள் வந்து போயின. பின்பு மூன்று பேர் சேர்ந்து, ஊர்மக்களிடமிருந்தும் சிறுசிறு முதலீடு திரட்டி, 2020 மார்ச்சில் திறக்கத் தயாரானார்கள். அந்த வாரம்தான் நகரமே பூட்டப்பட்டது. அவர்கள் காத்திருந்து 2021 ஏப்ரலில் திறந்தார்கள். 1975இலேயே அதன் உட்கூடத்தை நகர அரசு பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருந்ததால்தான் அங்கிருந்த பழைய கண்ணாடிகளும் விளக்குகளும் தப்பின. சுவரை அரசு காப்பாற்றலாம். ஆனால் அடுப்பை எரியவைப்பது சாப்பிட வருகிறவர்கள்தான்.

பணம் போட்டுக் கடையை வாங்கச் சொல்லவில்லை. குழுவாகச் சாப்பிடப் போக அலுவலகத்தில் இடம் தேடும்போது பழைய கிரில்லின் பெயரைச் சொல்லுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது, கோல்டன் கேட் பாலத்தைக் காட்டிய பிறகு அங்கே கூட்டிப்போங்கள்; கடற்கரை ஊர்க்காரர்களாக இருந்தால் அவர்களுக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த இடம் அதுவாகக்கூட இருக்கலாம். பிள்ளையின் பிறந்தநாளை வீட்டில் கொண்டாடிய மறுநாள் அங்கே போய், தானே மெனு படித்து, தானே பரிமாறுகிறவரிடம் பேசி, தனக்கு வேண்டியதைக் கேட்கப் பிள்ளையைப் பழக்குங்கள். தமிழ்ச் சங்கக் கூட்டம் முடிந்ததும் வழக்கமான பஃபேவுக்குப் பதில் ஒரு தடவை இங்கே நீண்ட மேசை ஒன்று சொல்லிவையுங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கூப்பிட்டு, எத்தனை பேர், யார் யார் சைவம் என்று சொல்லிவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரையும் கூப்பிடுங்கள். குப்பைத் தொட்டி வைக்கும்போது கையசைப்பதோடு நிற்கிற பழக்கம் அவரோடு உங்களுக்கு இருக்கும். அந்தக் கடை அவருக்குத் தெரிந்திருக்கும். எந்த மேசை நல்லது, எந்த நாள் எந்த மீன் என்பதும் தெரிந்திருக்கும். இந்த வாரமே கேளுங்கள். வருவார்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்